திறந்து பார்க்காத மூடி

எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயியில், அரசு ஆய்வுக்கூடத்தில் நான் இரத்தப் பிரிவில் வேலை பார்த்தேன். பக்கத்து அறையில் குடிநீரைச் சோதிப்பார்கள். கிருமிகளை வளர்க்க அங்கே மாட்டிறைச்சிச் சாறு வேண்டும். அதைக் காய்ச்சிக் குடுவைகளில் ஊற்றி, நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்குவது ஒரு தமிழ்ப் பணியாளரின் வேலை. அவரை எல்லோரும் தோன்தோன் என்போம்; மாமாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

காவடி விரத நாட்களில் அவர் சாறைத் தொடமாட்டார். கூட வேலை செய்த கிறிஸ்தவர் காய்ச்சிவிடுவார். அதற்கு ஈடாகப் பெரிய வெள்ளியன்று அவருடைய வேலையைத் தோன்தோன் பார்ப்பார். எங்கும் எழுதாத ஏற்பாடு.

அந்த வருடம் விரதத்தின் நடுவில், குடுவைகளைப் பெட்டியில் அடுக்கி மூடிய நேரத்தில் கிறிஸ்தவருக்கு மாயெபூரிலிருந்து செய்தி வந்தது: மனைவிக்குப் பிரசவ வலி. பெட்டியின் அடுப்பைப் பற்றவைக்காமலே ஓடிவிட்டார். மாலையில் அறையைப் பூட்ட வந்த தோன்தோன், பெட்டி மூடியிருந்ததால் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்தார். ஜனவரி இங்கே கோடை; அந்த வெக்கையில் சாறு கெட்டுப்போனது.

மறுநாள், காய்ச்சல் பரவியிருந்த ரோஸ் பெல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிணற்று நீர் வந்தது. புதுச் சாறு தயாராகும்வரை அந்த நீர் தாங்காது என்று கொட்டினார்கள். திரும்பப் போய் எடுத்து வருவதற்குள் புயல் பாதையை அடைத்தது. கிணற்றை மூடத் தாமதமாயிற்று. அதற்குள் அங்கே ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தது.

பணி அட்டவணையில் இருந்தது தோன்தோன் பெயர். கடமை தவறியதாக வேலைநீக்கம், ஓய்வூதியமும் போனது. மேல்முறையீட்டை நான் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் வராததால் விசாரணையிலும் நானே பேசினேன். ஒன்று, வேலை மாற்றிக்கொள்வது பல வருடப் பழக்கம். இரண்டு, அது ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தெரியும். காவடி முடிந்ததும் தோன்தோன் கொண்டுவரும் ஏழு காய்கறிச் சோற்றை வருடாவருடம் அவரும் வாழையிலையில் சாப்பிடுவார்; விரத நாட்களில் மாட்டுச் சாற்றை யார் காய்ச்சினார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மூன்று, ஒரே ஒரு பிழைக்கு ஒரு ஆயுளின் உழைப்பைப் பறிப்பது அதிகம்.

“சாப்பிட்டது உண்மை,” என்றார் தலைவர். “வேலை மாற்றியது எனக்குத் தெரியாது.”

பிறகு விசாரணைக் குழுவினர் தோன்தோனிடம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

“மூடியத் தொறந்து பாத்திருக்கலாம், மிஸ்யே. கை வச்சா தண்ணி சூடா இல்லன்னு தெரிஞ்சிருக்கும். மாட்டு வாடைன்னு தள்ளியே நின்னுட்டேன்.”

அதற்குமேல் அவர்கள் யாரையும் கேட்கவில்லை. தண்டனை மாறவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம். “ஏன் தோன்தோன் அப்படிச் சொன்னீங்க? தண்டனையக் குறைச்சிருப்பாங்களே!”

“நீ சொன்னது எல்லாம் சரிதான், மா ஃபீ. நல்லாத்தான் பேசின, மகளே.” தொப்பியைத் தலையில் வைத்தார். “அந்தப் பிள்ளையோட அம்மா அங்க உட்கார்ந்திருந்தா, இதையே பேசியிருப்பியா?”

அவர் சாந்த் குருவா போகும் பஸ்ஸுக்கு நடந்தார்.

பெரிய வெள்ளியன்று ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைவு. நீர்ச் சோதனை அறையில் சாறு கொதிக்கும் வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். தேவாலயத்துக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, அந்தக் கிறிஸ்தவர் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். மூடிமேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.