கொள்ளின் மேல் ஓடிய சைக்கிள்

வண்டி நடமாட்டமே இல்லாத சரளைப் பாதைகளைத் தேடிச் சைக்கிளில் சுற்றுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சின்னமனூரைத் தாண்டி, மேகமலை அடிவாரத்தில் அப்படி ஒரு பாதை கிடைத்தது. அதன் குறுக்கே படுதா விரித்து, காய்ந்த கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண் சட்டை. எங்கோ தூரத்தில் ஹார்ன் கேட்டால்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"மெயின் ரோட்டுல போட்டா பஸ்காரக வையிறாக. இங்கன போட்டா, காலையிலேருந்து ஒரு டிராக்டரு வரல" என்றார்.

சக்கரம் ஏறினால் கொள்ளு சீக்கிரம் உதிரும். தனியாளாகக் கம்பால் அடித்து மாளாது. மலைமேல் மேகம் வேறு கறுத்திருந்தது. நனைந்தால் அத்தனையும் முளைத்துவிடும்.

"தம்பி, டயரு தடியாத்தான இருக்கு? இதுமேல ஏறி மிதிங்க."

"அக்கா, இது சைக்கிள்."

"எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

மேலும் கீழுமாக மிதித்தேன். "ஓரத்த விட்டுட்டீகளே!" என்று கத்தியபடி அவர் கம்போடு பின்னாலேயே வந்தார். தூறல் விழுவதற்குள் கொள்ளு சாக்கில் ஏறியது.

"அடுத்த வாரம் மதுரையிலேருந்து என் கூட்டாளிகளும் சைக்கிள்ல வாராக" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "அதுல குண்டா இருக்கவுக எத்தன பேரு?"

நண்பர்களிடம் இதை எப்படிக் கேட்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.