அம்மாவால் படிக்க முடியாத கோபம்

"விடுமுறைக்கு முந்தைய கடைசித் தமிழ் வகுப்பு. மழையும் இல்லை, மின்சாரமும் இல்லை." இது போன மே மாதத்து என் நாட்குறிப்பு. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் அந்த வகுப்புக்குப் பேத்தியை நான்தான் அழைத்துப்போவேன். ஆசிரியை ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தே பிள்ளைகளிடம் பேசுவார்.

முந்தைய கோடையில் பேத்தி பாதி எழுத்துகளை மறந்திருந்தாள். அதனால் இம்முறை விடுமுறையில் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார் ஆசிரியை; அவள் கையை விரித்தாள்.

"எழுத ஒண்ணுமே இல்ல மிஸ்."

"யார் மேலயாவது கோவம் இருக்கா?"

"அம்மா மேல. ரொம்ப, பீஷோண் கோவம்!" 'பயங்கரமான' என்பதற்கு வங்காளச் சொல்தான் அவள் வாயில் வந்தது.

"அதைத் தினம் எழுது. அம்மாவுக்குத்தான் தமிழ் படிக்க வராதே!"

கொல்கத்தாவிலேயே வளர்ந்த என் மகள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பேத்தியின் கண்கள் விரிந்தன. கோடை முழுக்க அவள் எழுதிய தாள்கள் சாப்பாட்டு மேசையில் தைரியமாகத் திறந்தே கிடந்தன.

"என்னப்பா எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லுங்களேன்," என்றாள் மகள்.

"உன்னைப் பத்தித்தான்," என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியபோது, கடைசி வரிசையில் மகளும் உட்கார்ந்து 'அ' எழுதிப் பழகினாள். ஆசிரியை இதையும் எண்ணித்தான் அப்படிச் சொன்னாரா என்பதை நான் இன்னும் அவரிடம் கேட்டு உறுதிசெய்யவில்லை.