வண்டியின் அகலத்துக்கு ஒரு கம்பு

கண்டரமாணிக்கம் பக்கம், குன்றுச் சரிவில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. மாவும் இலுப்பையும் வரிசையில்லாமல் அடர்ந்து நிற்கும். உழுவதற்கு டிராக்டர் வாங்கலாம் என்றதும், என் கணவர் பெரிய வண்டிதான் வேண்டும் என்றார்.

"இடைஞ்சலா நிக்கிற மரத்த வெட்டிக்கிருவோம்."

நான் ஒரு மரத்தையும் தொட விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

காரைக்குடிக் கடையில் அவர் பார்த்துவைத்த வண்டியை அளந்தேன். மண்ணைக் கிளற அதன் பின்னால் மாட்டும் ரோட்டவேட்டர் சக்கரங்களைவிட அகலமாக இருந்தது. அந்த அகலத்துக்கு ஒரு மூங்கிலை நறுக்கி, மறுநாள் காலை அதைக் குறுக்கே பிடித்தபடி தோப்புக்குள் நடந்தேன்.

"என்ன, காவடியா எடுக்குற?" என்று சிரித்தார்.

"இதுதான் நீங்க வாங்கப்போற டிராக்டரு. எத்தன மரத்த வெட்டுவீகன்னு கூட வந்து பாருங்க."

வந்தார். கம்பு முட்டிய மரத்தையெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மேட்டோரத்து இலுப்பையை நெருங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கொட்டகைக்குப் போய் அரிவாளோடு திரும்பினார். நான் மரத்தை மறித்து நின்றேன்.

"அந்தக் கம்பக் குடு," என்றார்.

நுனியில் ஒரு முழத்தை வெட்டிவிட்டு என்னிடமே நீட்டினார். "இப்ப நடந்து பாரு." இந்த முறை கம்பு எந்த மரத்திலும் முட்டவில்லை.

அடுத்த முறை கடைக்கு அந்தக் கம்பை அவர்தான் தூக்கிவந்தார். "ரோட்டவேட்டரோட சேத்து இதுக்குள்ள அடங்கணும். சரிவுல கவுந்துராம தாழ்வா இருக்கணும்," என்று கறாராகச் சொன்னார்.

அவரோடு சண்டை போட நான் சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போனது. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமே இல்லை.