பெயர் போடாத நாற்பத்து மூன்று தாள்கள்

என் தம்பி செந்தமிழன் ஜெயித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் செங்கல் லாரியிலிருந்து விழுந்தான். இடது தோள் எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இரண்டாவதாக வந்தான். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, மருத்துவப் பரிசோதனையில் அவனை இரண்டு முறை திருப்பி அனுப்பியது; மூன்றாம் முறை கான்ட்ராக்ட்டில் உள்ளே போனான். 2021 ஆகஸ்டில் முப்பத்தாறு பேர் போன பெர்மனென்ட் இன்டர்வியூவில் தேறிய மூவரில் அவன் ஒருவன். இடது தோள் ஒன்றேகால் அங்குலம் இறங்கிய உடம்பை வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியிலேயே நேர்த்தியாக உடுத்துகிறவன் அவன்தான் என்று சொல்ல வைத்தான். ஒன்றேகால் அங்குலம் என்பது நான் டேப் வைத்து அளந்தது. இரண்டு அங்குலம் என்று சிலர் சொல்வது தப்பு.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதனால் இதைச் சுற்றி வளைக்காமல், நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பென்னலூரில் எங்கள் வீடு. கடையில் தொங்கும் எந்தச் சட்டையும் தம்பிக்குச் சரியாக உட்காராது. காலர் ஒரு பக்கம் கழுத்தை விட்டு விலகும். பட்டன் வரிசை கோணலாக இறங்கும். எங்கள் தெருவில் ஆல்ட்டரேஷன் கடை வைத்திருக்கும் தாவீது அண்ணனிடம் போய் நின்று, எதைப் பிரித்தால் எது நேராகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். கடைசியில் இருவருமாகக் கண்டுபிடித்தது, இடது தோளின் உள்பக்கம் தைக்க ஒரு பஞ்சுப் பட்டை. முக்கால் அங்குல கனம். அதோடு அந்தப் பக்கத்துத் தோள் தையலையும் கொஞ்சம் இறக்கித் தைத்தார்கள். சட்டை நேராக நின்றது. அன்றிலிருந்து, உடுப்பு ஒரு மனிதனுக்கு எவ்வளவு செய்யும், எங்கே கைவிடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

கம்பெனியில் வாரத்துக்கு ஆறு நாள் யூனிபார்ம். சாம்பல் நிறச் சட்டை, கருப்பு சேஃப்டி ஷூ. அதை விட்டு வெளியே வந்தால் என்ன போடுவது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தோல் ஷூதானே, பாலிஷ் போட்டால் ஆயிற்று என்று கல்யாண ரிசப்ஷனுக்கும் அந்த இரும்பு மூக்கு ஷூவோடேயே வருவார்கள்.

கம்பெனி ஆட்கள் சேர்ந்து தங்கும் இருங்காட்டுக்கோட்டை ரூம்களில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு 'இன்டர்வியூ சட்டை'. யாருக்கு இன்டர்வியூ வருகிறதோ அவர் போட்டுக்கொள்ளலாம்; போட்டவர் துவைத்து வைக்க வேண்டும். அந்த ஆகஸ்ட் இன்டர்வியூவில் ஒரே ரூமிலிருந்து நான்கு பேருக்கு ஒரே நாளில் அழைப்பு வந்துவிட்டது. பாத்ரூமில் நின்று ஒருவர் கழற்றக் கழற்ற அடுத்தவர் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நான்காவதாகப் போனவன் ஹேமந்த். அரக்கோணம் பக்கத்து ஆள். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"இந்தச் சட்டைய காலைலேர்ந்து நாலாவது வாட்டி பாக்கறேன். வேலைக்கு நீ வந்துகீறியா, சட்டை வந்துகீதா?"

ஹேமந்த் வெளியே வந்து கேன்டீனில் தலையைக் குனிந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அன்றைக்குத் தேறியிருந்த என் தம்பிதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அதுவரை இருவருக்கும் பழக்கம் கிடையாது. அன்று சாயங்காலமே பென்னலூருக்கு அழைத்துவந்து தாவீது அண்ணனிடம் அளவு கொடுக்க வைத்தான். ஆறு மாதம் கழித்து ஹேமந்த் அவன் அளவுக்குத் தைத்த சட்டையில் போய் பெர்மனென்ட் ஆனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அவன் சொந்த அக்கா போலத்தான் கூப்பிட்டான். நானும் அப்படியே நம்பினேன்.

அந்தச் சட்டை விஷயத்தைச் சொல்லிச் சொல்லிக் கம்பெனியே சிரித்தது. தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. 2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை, யூனிபார்ம் மாற்றும் அறையில் இருக்கும் பலகையில் ஒரு தாளைக் குத்திவைத்தான். வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கம், அச்சடித்ததுபோல் தனித்தனி எழுத்தாக எழுதியது. 'சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி இறங்கினால் அது அடுத்தவர் சட்டை.' அதுதான் முதல் தாள்.

பிறகு மாதம் ஒன்றோ இரண்டோ எழுதினான். ஓ.டி. அதிகமான மாதம் விட்டுப்போகும். புதுச் சட்டையை ஒருமுறை நனைத்து, பெட்டி மடிப்புத் தெரியாமல் தேய்த்துப் போடுங்கள்; பாக்கெட்டில் ஒட்டிய சைஸ் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள். பெண் பார்க்கப் போகும்போது பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், இளநீலமோ சந்தன நிறமோ போதும். கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு. ரிசப்ஷனுக்குப் பளபளக்கும் சட்டை போட்டால் மேடை விளக்கில் நனைந்ததுபோல் தெரியும். கம்பெனி டூருக்கு காலர் வைத்த டி-ஷர்ட் போதும், ஆனால் கம்பெனி இலவசமாகக் கொடுத்ததைப் போடாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தன நிற வேட்டி கட்டினால் சட்டையும் அதே நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை பக்கத்தில் வேட்டி அழுக்காகத் தெரியும். இப்படி நாற்பத்து மூன்று தாள்கள். குத்தி வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் என்னிடம் படித்துக் காட்டுவான்.

எதிலும் பெயர் கிடையாது. ஹெச்.ஆரிலிருந்து ஒட்டுகிறார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். உன் பெயரைப் போடு என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"இன்னாத்துக்குக்கா? பேரு போட்டா தாள படிக்க மாட்டானுங்க. என் தோளத்தான் பாப்பானுங்க."

எழுதுவது யார் என்று தெரிந்த இன்னொருவன் ஹேமந்த். புதுத் தாள் வரும்போது பழையதைக் கழற்றி ஒரு ஃபைலில் வைப்பான். வீணாகப் போகக் கூடாது, ஒருநாள் புத்தகமாகப் போடலாம் என்பான். பாசத்தில் செய்கிறான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

2024 ஜூலையில் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் வகுப்பு எடுக்க ஒரு டிரெய்னர் வேண்டும். லைனில் வேலை செய்கிறவர்களிலிருந்தே எடுப்பார்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் சான்றோடு விண்ணப்பிக்கலாம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தால் தம்பிக்குத் தோள் மரத்துப்போகும். ஆனால் அதற்காக மட்டும் அவன் அதை விரும்பவில்லை. பிறருக்கு விளக்கிச் சொல்வதில்தான் அவனுக்கு உயிர். அவனுக்கு வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொன்ன ஒரே விஷயம் அந்த டிரெய்னர் வேலை.

தாள்களை டைப் செய்து, படம் சேர்த்து, சின்னப் புத்தகமாக்கித் தருகிறேன் என்றான் ஹேமந்த். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் வைத்துப் படம் எடுத்தான். பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

"மச்சான், மொதல்ல தப்பா போட்டுகினு நில்லு. அப்பால சரியா போட்டுகினு நில்லு. ரெண்டும் நீயே இருந்தாதான் படிக்கறவனுக்கு வித்தியாசம் தெரியும்."

அந்தப் பஞ்சுப் பட்டையைத் தைத்த நாளிலிருந்து தம்பி அது இல்லாமல் யார் கேமரா முன்னாலும் நின்றதில்லை. அன்று நின்றான். எங்கள் அப்பா நடேசனுடைய தொளதொளச் சட்டை, கழுத்தில் ஐ.டி. கார்டு, காலில் சேஃப்டி ஷூ. இடது தோள் இறங்கியது அப்படியே தெரிந்தது. பிறகு அவனுடைய கருநீலச் சட்டையில் ஒரு படம். அது மிக நன்றாக வந்திருந்தது. செல்போனில் நானே பார்த்தேன்.

அக்டோபரில் முடிவு வந்தது. டிரெய்னர் வேலை ஹேமந்துக்கு. நானும் சும்மா அப்ளை பண்ணேன் மச்சான், எனக்குக் குடுத்துட்டாங்க என்றானாம்.  மறுநாள் தம்பி, பரவாயில்லை, நம்மாளுக்குத்தானே கிடைத்தது என்றான். ஹேமந்த் முதல் வகுப்புக்குப் போட்டுப்போன சட்டையைத் தேய்த்துக் கொடுத்ததே என் தம்பிதான். 

நவம்பர் 14-ஆம் தேதி எதிர்வீட்டு ஷெர்லின் வந்தாள். தண்டலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறாள். "நிலாக்கா, செந்தமிழண்ணன் போட்டோ எங்க காலேஜ்ல குடுத்த புக்ல கீதுக்கா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அட்டையில் கம்பெனி முத்திரை, ஹேமந்த் பெயர். இதைச் சான்றாகக் காட்டித்தான் டிரெய்னர் வேலையை வாங்கியிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே தம்பியின் வரிகள், ஒரு புள்ளி மாறாமல். ஆறாம் பக்கத்தில் இரண்டு படங்கள். 'தவறு' என்று போட்டு அதன் கீழே என் தம்பி, இறங்கிய தோளோடு. 'சரி' என்று போட்டு அதன் கீழே ஹேமந்த். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய அவனைப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஒருத்தன் இப்படித்தான் வருவான் என்று அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொன்னானாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். ஷெர்லின் இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் ஹேமந்த் ரூமுக்குப் போனோம். இப்போது தனி ரூம். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை. நாற்பத்து மூன்று தாளும் எங்கே என்று கேட்டேன். ரூம் மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது என்றான்.

"டைப் பண்ணது நானு, காலேஜ் காலேஜா போய் பேசறது நானு. இவன் எயுதினான், இல்லன்னு சொல்லல. ஆனா டிரஸ்ஸ பத்திச் சொல்றவன் நேரா நிக்கணும்கா. ஜனங்க அத்தத்தான் பாக்கும்."

அவனை அடிக்க என் கை எழுந்துவிட்டது. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த ரெண்டாவது போட்டோ இன்னா ஆச்சு?"

"அது செரியா வரல மச்சான்."

"செரியாத்தான் வந்துது" என்றான் தம்பி. படியிறங்கிவிட்டான்.

ஹெச்.ஆருக்கும் போனான். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டாராம். தாளில் உங்கள் பெயர் இருந்ததா என்றார். இல்லை என்றான். தாளாவது இருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. அடுத்த பதிப்பில் உங்களுக்கு ஒரு நன்றி போடச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சொன்னபடி டிசம்பரில் வந்த பதிப்பில் போட்டிருந்தார்கள்: 'புகைப்பட உதவி: செந்தமிழன்.' இந்தத் தோளை முன்னால் நிறுத்திக் காட்டியதற்கு நன்றி என்று அதற்கு அர்த்தம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவன் எழுதவில்லை. பலகை காலியாகக் கிடந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியாமலே, ஆட்கள் அதில் கேள்விச் சீட்டுகளைக் குத்த ஆரம்பித்தார்கள். வகுப்பில் ஒருவர் ஹேமந்திடமே கேட்டிருக்கிறார், தொப்பை இருக்கிறவர் சட்டையை உள்ளே விடலாமா என்று. புக்கில் இருக்கிறது, பாருங்கள் என்றானாம். புக்கில் அது இல்லை. தம்பி அதை எழுதவே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து போன அன்று தம்பி ஒரு சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். பெயின்ட் ஷாப்பில் இருக்கும் கோபால் என்பவர் எழுதியது. 'தங்கச்சிக்குக் கல்யாணம். நான்தான் அண்ணன். என்ன போடறது? யாராச்சும் சொல்லுங்க.' தம்பி அதை இரண்டு நாள் வைத்திருந்தான். உன்னை ஏமாற்றியவனுக்கு மறுபடியும் சரக்குச் சேர்த்துக் கொடுக்கப் போகிறாயா என்று நான் திட்டினேன். எழுதினால் இதையும் அவன் எடுத்துக்கொள்வான் என்றேன்.

"எட்துக்கட்டும்கா. கோபாலண்ணன் இன்னா பண்ணாரு?"

ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து எழுதி என்னிடம் படித்துக் காட்டினான். 'பெண்ணின் அண்ணன் அன்று முழுக்க ஓடுவான், பந்தியில் குனிவான், ஈரக் கையைத் துடைப்பான். காலையில் காட்டன் சட்டை, அரைக்கை, சாம்பார் பட்டாலும் தெரியாத அடர் நிறம். வேட்டிக்கு பெல்ட் கட்டிக்கொள்ளுங்கள். அவிழுமோ என்ற பயம் இருக்காது. மாலைக்கு வேறொரு சட்டையைத் தேய்த்து மண்டபத்திலேயே மாட்டி வையுங்கள். யாரும் உங்களை மாற்றச் சொல்ல மாட்டார்கள். நீங்களே நேரம் எடுத்து மாற்றுங்கள். போட்டோவில் தங்கைக்குப் பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள்தான்.'

நன்றாக இருக்கிறது என்றேன். கோபம் போகாமல்தான் சொன்னேன். அது இன்னும் போகவில்லை. டிரெய்னர் வேலையும் திரும்ப வரவில்லை. ஹேமந்த் இப்போதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு எடுக்கிறான்.

தம்பி தாளை மடிக்கப் போனவன், மறுபடி விரித்து, அடியில் ஒரு விரல் இடம் விட்டு, பேனாவை அழுத்தி முழுப் பெயரையும் எழுதினான்: ந. செந்தமிழன், அசெம்பிளி லைன் 2, பென்னலூர். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு எல்லாரும் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர்கள் நடுவில் நின்று அவனே பலகையில் குத்தினான்.

தான் எழுதியதன் கீழே என் தம்பி முதன்முதலாகத் தன் பெயரைப் போட்ட நாள்: 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.