கழுவாத ஜெர்சி

பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கறுப்பர். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த ஒரு ரக்பி அணிக்கு முதன்முதலில் எடுக்கப்பட்ட கறுப்பர் அவர். பிறகு இத்தாலிக்கு ஆட வந்து, பலெர்மோப் பெண் ஒருவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்தபின் தனி ஆள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால், அவருடைய ஆட்ட நினைவுகளைத் தட்டச்சு செய்யும் வேலையை அம்மா எனக்குப் பிடித்துத் தந்தார்.

சனிக்கிழமைகளில் அவர் சொல்வார், நான் லாப்டொப்பில் அடிப்பேன். எந்த மைதானம், எத்தனை புள்ளி, யாருக்குத் தோள் விலகியது என்பதெல்லாம் வரும். அணியில் உங்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால் மட்டும், அதை ஜெர்சி சொல்லும் என்று முடித்துவிடுவார்.

அந்த முதல் ஆட்டத்து ஜெர்சியை அவருடைய ஊர் அருங்காட்சியகம், கழுவாமல் அப்படியே வேண்டும் என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை அலமாரியைத் துடைத்த அம்மா, கடதாசிப் பையில் அதைக் கண்டார். மார்பெல்லாம் காய்ந்த சேறு. எங்கள் தமிழ் ஆட்கள் போட்ட உடுப்பை ஊத்தையோடு அலமாரியில் வைக்கமாட்டார்கள். அப்படியே பிறத்தியாரிடம் கொடுப்பது அதைவிட வெட்கம். அம்மா அதை ஊறப் போட்டு, கையால் கும்மி, படுக்கை விரிப்புகளோடு மெஷினில் போட்டு, பல்கனியில் காயவிட்டார். எப்படி வெளுத்திருக்கிறது பார் என்று எனக்குப் படமும் அனுப்பினார்.

வகுப்பிலிருந்து எழுந்து ஓடினேன்.

"அம்மா, அந்த ஊத்தையைத்தானே அவையள் கேட்டவை."

அம்மா பல்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கே தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க இந்த வீட்டுக்காரர் தரும் வேலைக் கடிதம்தான் வேண்டும். "தம்பி, மெஷினுக்கை தவறி விழுந்துபோட்டுது எண்டு சொல்லன்" என்றார்.

நானும் அதற்கு ஏற்ற ஒரு வசனத்தை இத்தாலியனில் யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் நடை முடிந்து உள்ளே வந்ததும், அம்மா எனக்கு இடமே கொடுக்கவில்லை. "இயோ லவாத்தோ, சிஞ்ஞோர்" என்று தானே சொல்லிவிட்டார். நான் கழுவினேன் என்று.

அவர் ஈர ஜெர்சியை மடியில் விரித்து, சேறு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் மற்றப் பதினான்கு ஜெர்சிகளையும் ஒரே சலவைக் கூடையில் போட்டார்களாம். இவருடையதை மட்டும் பையில் போட்டு, வீட்டில் கழுவிக்கொள் என்று கொடுத்தார்களாம். இவர் அதைக் கழுவவில்லை. வெள்ளையரோடு ஆடப் போனதற்காக இவருடைய தெருவில் பலர் இவரோடு பேச்சை விட்டிருந்தார்கள். அவர்களிடம் போய் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அப்படி நடக்கவே இல்லை என்று பின்னாளில் யாராவது சொன்னால் காட்டலாம் என்று சேறோடு வைத்தார்.

அம்மா மெல்லக் கேட்டார்: "இப்ப வேறை சாட்சி ஒண்டும் இல்லையோ, கேள்."

கேட்டேன்.

"நான் இருக்கிறேன்" என்றார். "கம்ப்யூட்டரைத் திற."

கூடை எங்கே இருந்தது, பையைக் கொடுத்தவர் என்ன சொன்னார், உடைமாற்றும் அறைக்கு வெளியே பஸ்ஸில் உடுப்பு மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு இடங்களில் நிறுத்தி, அதை எடுத்துவிடு என்றார். பிறகு, இல்லை, இருக்கட்டும் என்றார். நான்கு பக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த பெண்ணுக்கு ஜெர்சியைக் கண்டதும் முகம் விழுந்துபோனது. பக்கங்களை நின்றபடி வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டையும் எடுத்துப்போனார்.

வீட்டுக்காரர் அம்மாவைத் திங்கட்கிழமை வழமைபோல வரச் சொன்னார். அலமாரிச் சாவி மட்டும் இப்போது அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.