ரூமி வரிக்கு ஒரு ஸ்டைல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் மலர், நினைவஞ்சலி அட்டை என்று எது வந்தாலும் பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்புவோம். பக்கம் அமைப்பது என் வேலை. குறை சொல்வது முதலாளியின் வேலை. இரண்டு பேருமே எங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள்.

போன வருடம் கிள்ளானிலுள்ள கோயில் ஒன்றின் பஜனைப் பாட்டுப் புத்தகம் எங்களிடம் வந்தது. அது என் அக்கா போகும் கோயில். வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள், ஆனால் பாட மாட்டாள். நாங்கள் இருவரும் படித்தது மலாய்ப் பள்ளியில். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் தட்டுத் தடுமாறித் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அது அமையவில்லை. நாள் முழுக்கத் தமிழில் பேசித் தீர்க்கிறவள், கோயிலில் பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் தாளைத் திருப்பும்போது தானும் திருப்பி, உதட்டை மட்டும் அசைப்பாள். அங்கே பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் புதுப் புத்தகத்தில் ஒவ்வொரு தமிழ் வரியின் கீழும் அதே வரியை ஆங்கில எழுத்தில் போட வேண்டும் என்று மகளிர் பகுதி சண்டை போட்டு வாங்கியிருந்தது. அந்த எழுத்தை இங்கே ரூமி என்போம்.

"நீதான் செய்யறியா? அப்டின்னா சரியா வந்துடும். இந்தத் தடவ நானும் பாடுவேன்" என்றாள் அக்கா. அதன் பிறகு அந்தப் புத்தகத்தை வெறும் வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதல் சில நாட்கள் நான் ஒரு பாட்டைக்கூடப் பக்கத்தில் வைக்கவில்லை. கணினியில் ஸ்டைல்களை மட்டும் உருவாக்கிக்கொண்டிருந்தேன். பாட்டுத் தலைப்பு, பல்லவி, தமிழ் வரி, ரூமி வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எந்த எழுத்து, என்ன அளவு, மேலும் கீழும் எவ்வளவு இடைவெளி எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். எந்த வரிக்கு எந்தப் பெயரை ஒட்டுகிறோமோ, அந்த வரி அதன் சொல்படி நடக்கும். பிறகு பெயரில் ஒரு முறை மாற்றினால் போதும், புத்தகம் முழுக்க மாறும். தமிழ் வரிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டளை: கீழே இருக்கும் ரூமியை விட்டுப் பிரியக் கூடாது. தமிழ் வரி ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் ரூமி அடுத்த பக்கத்தின் தலையிலும் போய் நின்றால் பாடுகிறவர் கதி என்னாவது?

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னாம்மா, பேரு வச்சிக்கிட்டே இருக்க. புள்ள எப்ப பொறக்கும்?"

"பேரு சரியா வச்சிட்டா புள்ள தானா ஓடி வரும் பாஸ்."

"செலக்ட் பண்ணு, பெருசாக்கு, முடிஞ்சிச்சி லா. இதுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டு உடையாமல் தப்பியது அது செய்த புண்ணியம்.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் கோயில் தலைவரே நேரில் வந்தார். மத்தியானத்துக்குள் ஃபைல் சுங்கை வேயில் இருக்கும் அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் திருவிழாவுக்குப் புத்தகம் கிடையாது. அவர் மாதிரிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பாட்டில் நின்றார்.

"இந்தப் பக்கம் ரொம்ப நல்லாருக்கு. கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். மத்ததெல்லாம் ஏன் எறும்பு மாதிரி இருக்கு? வயசானவங்க எப்படிப் படிப்பாங்க?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் பாட்டில் எழுத்து பெரிதாக இருந்தது. நான் செய்யவில்லை. முதலாளியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தலைவருக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் எனக்குத் தெரியாமல் ஃபைலைத் திறந்து கையாலேயே பெரிதாக்கி, இடம் போதாததால் அவற்றின் ரூமியைச் சுருக்கித் தொலைத்திருக்கிறார். கோயில் அழைப்பிதழில் தலைவர் படம் மற்றவர் படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். மனுஷர் அதைப் பாட்டுக்கும் நீட்டிவிட்டார்.

ஆனால் தலைவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வயசானவர்களை நான் யோசித்திருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் இதே அளவுக்குப் பெருசாக்கிடுங்க" என்றார் அவர்.

முதலாளி கையைப் பிசைந்தார். "முழுசா மாத்தணும்னா ஒரு வாரம் ஆகும் தலைவரே. ஒண்ணு செய்யலாம். போன தடவ போட்ட புத்தகத்தோட ஃபைல் இருக்கு. தமிழ் மட்டும்தான், எழுத்தும் பெருசு. அட்டைய மட்டும் மாத்தி அதையே அடிச்சிடலாம்."

தலைவர் மாதிரிப் பக்கங்களை மூடி வைத்தார். "வேற வழி இல்லன்னா அப்படியே செய்ங்க. ரூமிய அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அடுத்த தடவையாம். போன புத்தகம் வந்தபோது பாலர் பள்ளியில் இருந்த அக்கா பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள்.

"ஐயா, உக்காருங்க. ஒரு தே குடிங்க. குடிச்சி முடிக்கிறதுக்குள்ள காட்டறேன்" என்று டீ கிளாஸை அவர் கையில் கொடுத்தேன்.

"வாயக் குடுத்து மாட்டிக்காத லா" என்று முணுமுணுத்தார் முதலாளி.

தமிழ் வரி ஸ்டைலைத் திறந்து அளவைக் கூட்டினேன். ரூமி வரிக்கும் கொஞ்சம் கூட்டினேன். சரி என்று அழுத்தியதும் திரையில் பாட்டுகள் நகரத் தொடங்கின. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை எழுத்துகள் மளமளவென்று வளர்ந்தன. ஒரு தமிழ் வரிகூடத் தன் ரூமியை விட்டுப் பிரியவில்லை. தலைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"பக்கம் கூடிப்போச்சி பாரு. அச்சகத்துல ஒத்துக்க மாட்டான்" என்றார் முதலாளி. உண்மைதான். பாட்டுத் தலைப்பு ஸ்டைலில் மேலும் கீழும் இடைவெளியைக் குறைத்தேன். பாட்டுகள் எல்லாம் மேலே ஏறி வந்தன. அப்படியும் சில பக்கங்கள் அதிகம். எங்கே இடிக்கிறது என்று தேடிப் போனால், தலைவர் பாட்டுகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. யாரோ கையை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். போதாக்குறைக்கு, அழகு பார்க்க முதலாளி வரிக்கு வரி வெற்றிடம் தட்டியிருந்தார். அத்தனையையும் துடைத்தேன். பாட்டுகள் இறங்கி மற்றவற்றோடு வரிசையில் நின்றன, சுருங்கிக் கிடந்த ரூமி நிமிர்ந்தது, பக்கக் கணக்கும் அச்சகம் கேட்டபடி அடங்கியது.

"தலைவர் பாட்டு தனியா தெரியாதே" என்று இழுத்தார் முதலாளி.

"சாமி பாட்டுய்யா அது" என்றார் தலைவர்.

நான் அடக்கமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "புள்ள பொறந்துடுச்சி பாஸ்" என்றேன். தலைவர் கிளாஸில் தே இன்னும் பாதி இருந்தது. அந்தக் காலையில் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இல்லை என்று நினைத்தேன், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

திருவிழாவுக்கு நானும் கிள்ளான் போனேன். ஆர்மோனியம் ஆரம்பித்தது. அக்கா யாரையும் பார்க்காமல் பக்கத்தை எடுத்தாள், ரூமி வரியில் விரலை வைத்தாள், பாடினாள். முதல் வரி எனக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது சரணத்தில் மண்டபத்துக்கே கேட்டது. ராகம் அவள் இஷ்டத்துக்குப் போனது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, கூடவே கூச்சமாகவும் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பாடு" என்று கிசுகிசுத்தேன்.

"இத்தன வருஷம் மெதுவாத்தான பாடினேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள்.