பகலில் தூங்குகிறவர்களின் ஊர்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த முதல் வாரமே என் குரலுக்குப் புகார் வந்துவிட்டது. நான் திருநெல்வேலிக்காரி. ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் துவைக்கிறவளிடம் ஊர்க்கதை பேசி வளர்ந்தவள். நல்ல வெயில் நேரத்தில் வாசலில் நின்று கீரைக்காரியைக் கூப்பிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா பதறி ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தார்.

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படுத்திருக்காங்க."

அதற்குப் பிறகுதான் ஊரைக் கவனித்தேன். ஜன்னல்களில் பழைய போர்வைகள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால், பட்டப்பகலில், பாதி டவுன்ஷிப் தூங்கிக்கொண்டிருந்தது. வேப்பமர நிழலில் பையன்கள் கோலி ஆடுவார்கள். ஜெயித்தவன் வாயை அகலத் திறந்து கத்துவான், சத்தம் மட்டும் வராது. கம்பெனி பஸ்கூட எங்கள் தெருவில் மெல்லத்தான் திரும்பும். யாரோ காணும் கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். பிடித்தும் இருந்தது, மூச்சு முட்டவும் செய்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காக எங்கள் பிளாக்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியது. மேடையில் பேசவும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியத்தை நடத்தவும் பழக்குவார்கள். தொண்டராக நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒருநாளாவது கத்தலாம் என்றுதான் போகிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். உள்ளதைத்தான் சொன்னார்.

என் பொறுப்பில் வந்த பிள்ளைகளில் ஒரு பெண் எட்டாம் வகுப்பு. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவள் பேசினால் காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டும். ஆனாலும் அவள் இரண்டு விரலை அசைத்தால் மொத்தப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காத காரியம் அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வருடம் நன்றாகப் பேசுகிற ஒருவரை ஏற்காட்டு முகாமுக்கு அனுப்புவதாக இருந்தது. அவளுக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. மலை என்று அவள் பார்த்திருந்தது சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேட்டைத்தான்.

"வாயத் தொறந்து சத்தமாச் சொல்லுட்டி. இங்க ஒங்க அப்பாவா தூங்குதாரு?" என்றேன்.

"யாரு வூட்லயாவது யாராவது தூங்கிகினு இருப்பாங்க இல்லக்கா?" என்றாள், அதே கிசுகிசுப்பில்.

ஒரு சாயங்காலம் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து, வீடுகள் எல்லாம் முடிந்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். முந்திரி மரங்கள், அதற்கு அப்பால் நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ஓயாத இரைச்சல். வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. "இப்பக் கத்து" என்றேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. கனமான, கரகரத்த, பெரிய குரல். யாருடையது என்பதுபோல அவளே திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், மறுபடி கத்தினாள், முந்திரிக்காட்டுக்குள் கத்திக்கொண்டே ஓடினாள். அந்த மாலை முடியாமலே இருந்திருக்கலாம்.

முகாமுக்கு ஆள் தேர்வு நடந்த ஞாயிறு காலை அவள் அப்பா டூட்டி முடிந்து நேராகச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார். காதோரத்தில் கரித்தூசி அப்படியே இருந்தது.

"எம் பொண்ணு சத்தமா பேசி நான் கேட்டதே இல்லீங்க. நான் வூட்ல இருந்தா தூங்கிகினு இருப்பேன். முன்னாடி குந்திக்கட்டுமா?"

முதல் வரிசையில் உட்கார வைத்தேன். 'நான் தலைவியானால்' என்பது தலைப்பு. அவள் ஆரம்பித்ததுமே கூடம் நிமிர்ந்தது. தான் தலைவியானால் ஷிப்ட் சங்கை மெதுவாக ஊதச் சொல்வேன் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

முதல் வரிசையில் அவள் அப்பாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி நிறுத்தினாள். அடுத்த வாக்கியம் தணிந்து வந்தது, அதற்கடுத்தது இன்னும் தணிந்து. நான் ஓரத்தில் நின்று கையை மேலே மேலே உயர்த்திக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சென்னையிலிருந்து வந்த நடுவர்கள் மைக் போய்விட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் இருந்த பிள்ளைகள் மட்டும் அசையாமல், இருமாமல், முதல் வரிசையையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தார்கள். எல்லாம் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள். அவள் பேச்சைக் கடைசி வரை பேசித்தான் முடித்தாள். உதடு அசைந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பேசியவர்களையெல்லாம் மேடையில் நிற்க வைத்து, ஒரு பையன் பெயரை அறிவித்தார்கள். கூடமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் திடுக்கிட்டு விழித்தார், சுற்றிலும் பார்த்தார், முகமெல்லாம் மலர எழுந்து நின்று, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று மட்டும் தெரியவில்லை.

"எப்பங்க மலைக்கு அனுப்பணும்? கம்பளி வாங்கணும் இல்ல?" என்று என்னைக் கேட்டார். நான் மேடையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம்ப்பா. வா, வூட்டுக்குப் போயி படுத்துக்க."